தொலைக்காட்சி நிகழ்ச்சிநிரல் இதழும் பார்வையாளரும்

சான்றோரும் கவிஞரும் நிறைந்த இவ்வவை திருப்பரங்குன்றத்தில் கூடியிருப்பதால், இக்குன்றத்திலிருந்தே பேச்சைத் தொடங்குவது பொருத்தமாகும். பரிபாடலில் செவ்வேளுக்குரியனவாக இன்று கிடைக்கும் எட்டுப் பாடல்களுள் பத்தொன்பதாம் பாடல் நப்பண்ணனார் பாடியது. மதுரையிலிருந்து பரங்குன்றுக்குத் திரண்டு வரும் மக்களை அப்பாடல் காட்டுகிறது. வந்தவர்கள் முருகனை வழிபட்டதோடு திரும்பிவிடவில்லை. அங்கிருந்த ஓவிய மண்டபத்தையும் சுற்றிப் பார்க்கின்றனர். ஞாயிறு முதலான கோள்களின் நிலை ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. காமனும் இரதியும் ஓரிடத்தில் இருக்கின்றனர். பூனை வடிவெடுத்த இந்திரனும், கல்லாகிய அகலிகையும், சினங்கொண்ட கௌதமனும் மற்றோரிடத்தில் இருக்கின்றனர். பார்க்க வந்தவருள் அறியாதவர் ஓவியத்தைக் காட்டி இவர் யார் என வினவ, அறிந்தவர் விடை கூறுகின்றார்.

காட்சி கண்முன் இருந்தும், அதை உள்ளபடி காண ஒரு சொல் துணை வேண்டியிருக்கிறது. இஃது ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தேவை. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவர் அம்மண்டபத்துப் பார்வையாளரின் வழித்தோன்றலே. அவருக்கு ஒரு கூடுதல் இடர்ப்பாடும் உண்டு. மண்டபத்துச் சுவரில் ஓவியம் அசையாமல் நிற்கும்; இன்று பார்க்காவிட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம். தொலைக்காட்சியிலோ குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரத்தில் போய்விடும். ஆகவே அவர்க்கு "இது யார்" என்பதோடு "எப்போது, எங்கே" என்பதையும் முன்கூட்டியே சொல்ல ஒருவர் வேண்டும். நிகழ்ச்சிநிரல் இதழ் தோன்றிய காரணம் இதுதான்.

இவ்வூர் மக்களுக்கு இது புதிய செய்தியன்று. பங்குனிப் பெருவிழா வருமுன்னர்க் கோயிலிலிருந்து அச்சிட்ட பத்திரிகை வெளிவரும். எந்த நாள் எந்த வாகனம், யாருடைய மண்டகப்படி, சுவாமி புறப்பாடு எத்தனை மணிக்கு, மதுரையிலிருந்து மீனாட்சியும் சுந்தரேசுவரரும் திருக்கல்யாணத்துக்கு எழுந்தருளும் நாள் எது, தேர் என்று என்பனவெல்லாம் வரிசையாக இருக்கும். கடைச் சுவரிலும் வீட்டுக் கதவின் உட்புறத்திலும் அதை ஒட்டிவைப்பர். அதைப் பார்த்துத்தான் வெளியூர் உறவினருக்குச் செய்தி போகும். அதைப் பார்த்துத்தான் விடுப்பு எடுப்பர். பஞ்சாங்கத்தையும் இவ்வினத்திலேயே சேர்க்கலாம். வரப்போகும் காட்சிகளை நாள் கோள் பார்த்து நிரல்படுத்தும் நூல் வேறு என்ன? கிரகணம் எப்போது என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பார்க்கக்கூடாது என்றும் சொல்லும் ஒரே நிகழ்ச்சிநிரல் அதுதான்!

மேலைநாட்டில் இவ்வகை இதழ் பிறந்த கதை சுவையானது. 1923ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் செய்தித்தாள் உரிமையாளர்கள், பி.பி.சி.யின் வானொலி நிகழ்ச்சிகளை வெளியிட வேண்டுமானால் விளம்பரத்துக்குரிய கட்டணம் தரவேண்டும் என்றனர். வானொலியால் தம் விற்பனை குறையும் என்னும் அச்சமே காரணம். பி.பி.சி.யின் பொது மேலாளராக இருந்த ஜான் ரீத் தாமே ஓர் இதழ் தொடங்குவது என முடிவு செய்தார். 1923 செப்டம்பர் 28 அன்று 'ரேடியோ டைம்ஸ்' வெளிவந்தது. விலை இரண்டு பென்னி. இடம் தர மறுத்தவர்களால் ஓர் இதழ் பிறந்தது. அது நூறாண்டு கடந்தும் வந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் 1927 சூலையில் பம்பாய் நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கிய அதே மாதத்தில் 'இந்தியன் ரேடியோ டைம்ஸ்' வந்துவிட்டது. 1935 டிசம்பர் 22 முதல் அது 'இந்தியன் லிசனர்' ஆயிற்று; 1958 சனவரியில் 'ஆகாசவாணி' எனப் பெயர் பெற்றது. அவ்விதழ் தன்னை ரயில் கால அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொண்டது பொருள் பொதிந்த ஒப்பீடு. ரயில் அட்டவணை வண்டியை ஓட்டுவதில்லை. ஆயினும் அஃதின்றி வண்டி ஓடுவதால் பயணிக்குப் பயனில்லை.

தமிழில் அப்பணியைச் செய்தது அகில இந்திய வானொலி வெளியிட்ட 'வானொலி' என்னும் இதழ். சென்னை நிலையம் 1938 சூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பெற்றன. மதுரைச் சமவெளி மக்களுக்கு நெடுங்காலம் திருச்சியே அண்டை நிலையமாக இருந்தது. மதுரைக்கென ஒரு நிலையம் 1980களில்தான் வாய்த்தது. எனவே இப்பகுதிச் சுவைஞர்க்கு 'வானொலி' இதழ் வெறும் நேரக் குறிப்பாக இருக்கவில்லை. தொலைவிலிருந்து வரும் குரலுக்கு முகமும் பெயரும் கொடுத்தது அதுவே.

அவ்விதழின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டால் போதும், அதன் அருமை விளங்கும். காலை இத்தனை மணிக்கு வாய்ப்பாட்டு என்று எழுதி அது நிறுத்திவிடாது. பாடுபவர் யார், வயலின் யார், மிருதங்கம் யார், பாடப்போகும் கீர்த்தனை எது, இராகம் எது, இயற்றியவர் யார் என்பனவும் அங்கே இருக்கும். உரையாயின் தலைப்பும் உரையாற்றுபவர் பெயரும், நாடகமாயின் எழுதியவர் பெயரும் இருக்கும். மீ.ப.சோமு, சுகி சுப்பிரமணியன், தி.ஜானகிராமன், அகிலன் போன்ற எழுத்தாளர்கள் வானொலியில் பணியாற்றிய காலம் அது. இலக்கியம் காற்றில் வந்த காலத்தில் அதற்கொரு காகிதத் துணை இருந்தது. இசை பயிலும் மாணவர், ஆசிரியர் சொல்லிக்கொடுத்த கீர்த்தனையை வேறொருவர் எவ்வாறு பாடுகிறார் என அறிய அந்நாளைக் குறித்துவைத்துக் காத்திருக்க முடிந்தது. தமிழாசிரியர், தம் வகுப்பில் நடத்தும் நூல் பற்றிய உரை எப்போது வருகிறது என மாணவர்க்குச் சொல்லி அனுப்ப முடிந்தது. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தி வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்க்கு, தாம் கொடுத்த பணத்துக்கு என்ன வரும் என்று கேட்கும் உரிமையும் இருந்தது. விடை அச்சில் வந்தது. வானொலியின் இம்மொழி இதழ்களின் காலம் 1980களோடு முடிந்தது.

இலங்கை வானொலியை இங்கே மறத்தலாகாது. அதன் வர்த்தக ஒலிபரப்பின் நிரல் தமிழகத்தில் யார் கையிலும் இருந்ததில்லை என்றே சொல்லலாம். ஆனால் அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாடலுக்கும் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என நிறுத்தி நிதானமாகச் சொல்லிச் சொல்லி, கேட்பவர் தலைக்குள்ளேயே ஒரு நிரல் இதழை அச்சிட்டுவிட்டனர்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. கொடைக்கானல் மலையின் உயரமான கோபுரம் 1980களில் அதை மதுரைச் சீமைக்குக் கொண்டுவந்தது. ஒரே அலைவரிசை இருந்த அந்நாளில் நிரல் இதழின் தேவை பெரிதாக உணரப்படவில்லை என்பது உண்மை. வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலை திரைப்படம் என்று தெருவுக்கே தெரியும். தெரியாதது அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன படம் என்பது ஒன்றுதான். அதை நாளிதழ் சொல்லிவிடும், 'முன்னோட்டம்' சொல்லிவிடும், இரண்டும் தவறினால் எதிர்வீட்டுப் பிள்ளை சொல்லும். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியபின் நிலைமை மாறியது. அலைவரிசைகள் பத்தாகி, நூறாகி, இன்று ஒரு சராசரி வீட்டில் முந்நூறு என்னும் அளவுக்குப் பெருகியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் என்ன ஓடுகிறது எனப் பார்க்க ஐந்து நொடி ஒதுக்கினாலும், ஒரு சுற்று முடிய இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதற்குள் அரைமணி நிகழ்ச்சி ஒன்று முடிந்தேவிடும்.

இங்கே நாளுக்கும் வாரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கருதவேண்டும். பசுமலை, திருநகர் வட்டாரப் பஞ்சாலைகளில் மூன்று ஷிப்டாக வேலை நடந்த காலத்தை எண்ணிப் பார்க்கலாம். இவ்வாரம் பகல் வேலை என்றால் அடுத்த வாரம் இரவு வேலை. அத்தகைய தொழிலாளிக்கு அன்று காலை நாளிதழில் வரும் அன்றைய நிரலால் பயன் மிகக் குறைவு. புதன்கிழமை இரவு ஒரு நல்ல நாடகம் உண்டு என்பது முந்தைய ஞாயிறே தெரிந்தால்தான், உடன் பணிபுரிபவரோடு பேசி அவர் ஷிப்டை மாற்றிக்கொள்ள முடியும். வீட்டுப் பெண்களின் நிலையும் இதுவே. சமையலை முன்னதாக முடிப்பதா, பிள்ளைகளின் தேர்வுக் காலத்தில் பெட்டியை மூடிவைப்பதா, ஊரிலிருந்து வரும் நாத்தனாரை எந்நாளில் அழைப்பது என்பனவெல்லாம் ஒரு வாரத்தைக் கண்முன் விரித்துப் பார்த்தால்தான் முடிவாகும். நாள் நிரல் தேர்வுக்கு உதவும். வார நிரலோ வாழ்க்கையை ஒழுங்குபடுத்திக்கொள்ள உதவும்.

இவ்வேறுபாடு நீதிமன்றம் வரை சென்றது என்பது பலரும் அறியாத செய்தி. அயர்லாந்தில் ஆர்.டி.ஈ., பி.பி.சி., ஐ.டி.வி. ஆகியவற்றின் நிகழ்ச்சிகளை மக்கள் பார்த்துவந்தனர். ஒவ்வொரு நிறுவனமும் தன் நிகழ்ச்சிகளை மட்டும் கொண்ட வார இதழை விற்றது. நாளிதழ்களுக்கு அன்றன்றைய நிரலை வெளியிட மட்டுமே இசைவு. வாரம் முழுவதையும் அறிய விரும்பியவர் மூன்று இதழ்களை வாங்கவேண்டியிருந்தது. 'மேகில்' என்னும் வெளியீட்டார் 1986இல் எல்லா அலைவரிசைகளின் ஒரு வார நிரலையும் ஒரே இதழில் அச்சிட முனைந்தபோது, நிரல் தங்கள் பதிப்புரிமை என்று கூறி மூன்று நிறுவனங்களும் தடையாணை பெற்றன. வழக்கு ஐரோப்பிய ஆணையத்துக்குச் சென்றது. 1988இல் ஆணையம் நிறுவனங்களுக்கு எதிராக முடிவு செய்தது. இறுதியில் 1995 ஏப்ரல் 6 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அம்முடிவை உறுதிசெய்தது. பார்வையாளர் விரும்பும் ஒரு புதிய இதழை, தம் கையில் மட்டுமே உள்ள செய்தியைத் தரமறுத்துத் தடுப்பது முறையன்று என்பதே அதன் சாரம். பிரிட்டனில் 1991 மார்ச்சு 1 முதலே சட்டம் அக்கதவைத் திறந்துவிட்டிருந்தது. நிரல் தானே என்று எளிதாக எண்ணும் ஒரு பொருளுக்காக ஒன்பது ஆண்டுகள் வழக்காடியிருக்கின்றனர்.

நிரல் என்றால் என்னென்ன இருக்கவேண்டும் என்பது அடுத்த வினா. பெயரும் நேரமும் போதும் என்பார் உளர். போதாது என்பதற்குத் தமிழ்த் திரைப்படங்களே சான்று. 'தில்லு முல்லு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1981இல் கே.பாலசந்தர் இயக்கிய படமா, 2013இல் வந்த படமா? 'பில்லா' என்றால் 1980ஆ, 2007ஆ? 'நான் மகான் அல்ல' 1984இலும் உண்டு, 2010இலும் உண்டு. ஆண்டும் இயக்குநர் பெயரும் இல்லாத நிரலை நம்பி உட்கார்ந்தவர் ஒன்றை நினைத்து வேறொன்றைப் பார்க்க நேரும். நிகழ்ச்சி சிறுவர்க்கு உகந்ததா, முன்பு ஒளிபரப்பானதா, தொடர்கதையாயின் எந்தப் பகுதி என்பனவும் ஓரிரு சொல்லில் வேண்டும். ஒரு பட்டிமன்றத்தைக் குறிக்கும்போது தலைப்பும் நடுவரும் இல்லாமல் 'சிறப்புப் பட்டிமன்றம்' என்று போடுவது, உணவுவிடுதிப் பலகையில் 'உணவு' என்று எழுதிவைப்பதற்கு ஒப்பாகும்.

இவ்விதழ்களிடம் குறை இல்லாமலில்லை. நடிகையர் படங்களும் நட்சத்திர வதந்திகளும் பக்கங்களை நிறைத்து, நிரல் ஓரத்துக்குத் தள்ளப்படுவது உலகெங்கும் நிகழ்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1953 ஏப்ரல் 3 அன்று தொடங்கிய 'டி.வி. கைடு' அதன் உச்சகாலத்தில் அந்நாட்டின் மிகுதியாக விற்ற இதழ்களுள் ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் சிறுவடிவம். ஊருக்கு ஊர் தனிப்பதிப்பு. 2005இல் அது வடிவத்தைப் பெரிதாக்கி, ஊர்ப் பதிப்புகளை விட்டு, கட்டுரைகளுக்கு முதலிடம் தந்தது. இன்னொரு குறை அச்சுக்கே உரியது. அச்சேறியபின் நிகழ்ச்சி மாறினால் இதழ் என்ன செய்யும்? 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டபோது, அச்சில் இருந்த நிரல்கள் அனைத்தும் ஒரு நொடியில் பொருளற்றுப் போயின. கிரிக்கெட் ஆட்டம் நீண்டதால் நிகழ்ச்சி தள்ளிப்போன நாள்களுக்கோ கணக்கில்லை.

இனி, இத்தகைய இதழ் இன்று வேண்டுமா எனக் கேட்பவர் உண்டு. 2012 தொடங்கி 2017 வரை கேபிள் ஒளிபரப்புப் படிப்படியாக எண்முறைக்கு மாறியது. செட்டாப் பாக்ஸ் வந்தபின் ரிமோட்டின் ஒரு பொத்தானை அழுத்தினால் நிரல் திரையிலேயே தோன்றுகிறது. இணையவழிச் சேவைகளில் நேரம் என்பதே இல்லை, வேண்டியபோது பார்க்கலாம். இவை பெரும் வசதிகள் என்பதில் ஐயமில்லை. கண் மங்கிய முதியவர்க்குத் திரையின் சிறு எழுத்து எட்டுவதில்லை என்பதும், ஒருவர் நிரலைத் தேடும்போது வீட்டிலுள்ள மற்றவர் பார்த்துக்கொண்டிருந்த காட்சி மறைந்துபோகிறது என்பதும் சிறு குறைகள், விட்டுவிடலாம். பெரிய வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கைப்பேசியும் இணையச் சேவையும் ஒருவர் முன்பு பார்த்ததை வைத்து அடுத்ததைப் பரிந்துரைக்கின்றன. நகைச்சுவை பார்த்தவருக்கு மேலும் நகைச்சுவை. அச்சு நிரலில் திரைப்பாடல் தேடிப் போன கண், பக்கத்துக் கட்டத்தில் நாதசுவரக் கச்சேரி ஒன்றைக் கண்டு நிற்கும். தேடாததைக் காட்டுவது அதன் இயல்பு. அன்றியும், அது எல்லார்க்கும் ஒன்று. மதுரையில் இருப்பவரும் மேலூரில் இருப்பவரும் ஒரே நிரலைப் படித்து, மறுநாள் பேருந்தில் அதைப் பற்றியே பேச முடிந்தது.

கவிஞர்கள் நிறைந்த அவையில் மற்றொன்றையும் சொல்லவேண்டும். இதுவே எல்லாவற்றிலும் பெரிது. நிரலின் பயன் நிகழ்ச்சி முடிந்தவுடன் முடிந்துவிடுவதில்லை. பரிபாடலுக்கே திரும்பலாம். ஒவ்வொரு பாடலின் இறுதியிலும் ஒரு குறிப்பு உண்டு: பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண். பத்தொன்பதாம் பாடலுக்கு நப்பண்ணனார் பாட்டு, மருத்துவன் நல்லச்சுதனார் இசை, பண் காந்தாரம். ஒன்பதாம் பாடலைப் பாடிய குன்றம்பூதனாரின் பெயரும் இத்தகைய குறிப்பினாலேயே கிடைத்தது. எழுபது பாடல்களுள் இருபத்திரண்டே முழுமையாக எஞ்சின, உ.வே.சாமிநாதையர் 1918இல் அவற்றைப் பதிப்பித்தார். இசை முற்றாக மறைந்துவிட்டது. நல்லச்சுதனார் எவ்வாறு இசை வகுத்தார் என ஒருவராலும் இன்று பாடிக்காட்ட இயலாது. ஆனால் ஒரு நல்லச்சுதனார் இருந்தார், அவர் மருத்துவராகவும் இருந்தார் என்பது தெரிகிறது. ஒரு வரிக் குறிப்பு செய்த வேலை அது. அக்குறிப்பும் சிதைந்த பாடல்களில் பாடியவர் எவரென்றே தெரியவில்லை.

பி.பி.சி. தன் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றைச் சேமிக்கவில்லை. சேமித்த நாடாக்களிலும் பலவற்றை அழித்து, மீண்டும் பயன்படுத்திவிட்டது. 2014 அக்டோபரில் அந்நிறுவனம் 'ஜீனோம்' என்னும் பெயரில், 1923 முதல் 2009 வரையிலான 'ரேடியோ டைம்ஸ்' நிரல்களைக் கணினியில் ஏற்றிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஒரு வாரத்துக்கென அச்சிட்டு, மறுவாரம் பழைய தாளாகப் போடப்பட்ட இதழ், அழிந்த நிகழ்ச்சிகளின் ஒரே அடையாளமாகிவிட்டது. தன் தாத்தா என்றோ வானொலியில் பாடினாராம் என்று கேள்விப்பட்டிருந்தவர்கள் நாளையும் நேரத்தையும் அங்கே கண்டுகொள்ள முடிகிறது. 'இந்தியன் லிசனர்' இதழ்களும் பல இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் திருச்சியிலோ சென்னையிலோ யார் எதைப் பற்றிப் பேசினர் என ஆய்வாளர் அறிய 'வானொலி' இதழ்த் தொகுதிகளே துணை. பொங்கல் கவியரங்கம், தீபாவளிக் கவியரங்கம் என எத்தனை கவியரங்குகள் காற்றில் கலந்தன! அவற்றில் பாடியவர்களுள் நூல் வெளியிட்டவர் சிலர், வெளியிடாதவர் பலர். அந்தப் பலருக்கு நிரலில் வந்த பெயர்தான் பரிபாடல் அடிக்குறிப்பு.

இன்றைய திரை நிரலில் 'கவியரங்கம் - சிறப்பு நிகழ்ச்சி' என்று மட்டும் தோன்றி, நிகழ்ச்சி முடிந்ததும் அவ்வரியும் மறைந்துவிடுகிறது. பல வேளைகளில் திரைப்பாடலுக்கே எழுதியவர் பெயர் வருவதில்லை. ஆகவே தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் கவிதை வாசிக்கச் செல்லும் கவிஞர், நிலையத்தாரிடம் ஊதியத்தைக் கேட்பதற்கு முன், அறிவிப்பிலும் நிரலிலும் பெயரும் தலைப்பும் வருமா எனக் கேட்பது தகும். பிறருக்கு முன்னதாக இவ்விலக்கிய வட்டமே அதைத் தொடங்கலாம். பத்தாண்டுகளாக மாதக் கூட்டங்களுக்கு அச்சிட்ட அழைப்பிதழ்களும் அஞ்சலட்டைகளும் உறுப்பினர் வீட்டுப் பரண்களிலும் நூல்களுக்கிடையிலும் கிடக்கும். அவற்றைத் திரட்டி, நாள், இடம், பேசியவர், பாடியவர், தலைப்பு என வரிசைப்படுத்தி, இம்மலரின் இறுதியில் இல்லாவிடினும் அடுத்த மலரிலேனும் வெளியிடலாம். அழைப்பிதழில் பெயர் இருந்தும் அன்று வராதவர் உண்டு. பெயர் இல்லாமலே எழுந்து நின்று நல்ல கவிதை பாடியவரும் உண்டு. நினைவு உள்ளவர்கள் இருக்கும்போதே அப்பெயர்களை அழைப்பிதழின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும்.